குதிரையின் குளம்பில் மாற்றமா? கவனிக்க வேண்டியவை

குதிரையின் குளம்பு மாதத்துக்குச் சுமார் 6 முதல் 10 மி.மீ. வரை வளரும். அதனால் இன்று குளம்பில் தெரியும் வளையம், சில மாதங்களுக்கு முன் வந்த காய்ச்சல் அல்லது தீவன மாற்றத்தின் அடையாளமாக இருக்கலாம். ஆனால், கீழ்க்கண்ட இரண்டு மாற்றங்களை உடனே கவனிக்க வேண்டும்.

நாற்றமும் கருங்கசிவும்

குளம்பின் அடியில் முக்கோண வடிவில் உள்ள மென்பகுதி மிருதுவாகி, கருப்பாகக் கசிந்து நாற்றமடித்தால் அது குளம்பு அழுகல். ஈரமான சாணத்திலும் மூத்திரத்திலும் நிற்பதே முக்கியக் காரணம். தினமும் குளம்பைத் தூக்கிச் சேற்றைச் சுரண்டி எடுங்கள். கொட்டகைத் தரையை உலர்வாக வையுங்கள். மண்ணெண்ணெய், கழிவு ஆயில் ஊற்ற வேண்டாம். ரத்தம் கசிந்தாலோ, குதிரை நொண்டினாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சூடும் வலியும்

தானியத்தை அளவுக்கு மீறித் தின்ற குதிரை, குளம்பு சூடாகி, முன்னங்கால்களை முன்னே நீட்டிப் பின்பக்கம் சாய்ந்து நின்றால் அது குளம்பு அழற்சியாக இருக்கலாம். உள்ளிருக்கும் எலும்பே இடம் மாறிவிடும் ஆபத்து உண்டு. நடக்க விடாமல், தானியத்தை நிறுத்தி, குளம்புகளை ஐஸ் தண்ணீரில் வைத்து, உடனே மருத்துவரை அழையுங்கள்.

நோய் இல்லாவிட்டாலும் 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீவி, லாடத்தைச் சரிபாருங்கள்.