ஒப்பந்தத் தாளில் ஒரு மாலுமியின் வாழ்வு

விக்டோரியா அரசியின் காலத்தில் (1837–1901) பிரித்தானிய வணிகக் கப்பல்களில் பாய் விரித்தும் கயிறு இழுத்தும் பிழைத்த சாதாரண மாலுமிகளுள் தம் வாழ்வைத் தாமே எழுதிவைத்தவர் மிகச் சிலரே. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று முன்னோரின் உழைப்பை அறிய உதவுவன, அம்மாலுமிகளைக் கட்டுக்குள் வைக்க அரசு உண்டாக்கிய தாள்களே ஆகும்.

போர் மூண்டால் கடற்படைக்கு ஆள் சேர்க்க வணிக மாலுமிகளின் கணக்குத் தேவைப்பட்டதால், கப்பல்தோறும் பணியாளர் பட்டியல் எழுதி அரசிடம் ஒப்படைக்க 1835ஆம் ஆண்டுச் சட்டம் வகைசெய்தது. 1845 முதல் மாலுமிகளுக்குத் தனித்தனியே பதிவுச் சீட்டும் வழங்கப்பட்டது. அதற்கான பதிவேட்டில் பிறந்த ஊர், உயரம், முடியின் நிறம், கண்ணின் நிறம், உடலிலுள்ள தழும்பு, பச்சைகுத்து ஆகியன குறிக்கப்பட்டதால், படமே இல்லாத முன்னோர் ஒருவரின் தோற்றத்தை அவ்வரிகளிலிருந்து ஓரளவு மீட்க முடிகிறது. மாலுமிகள் வெறுத்த இச்சீட்டு முறை 1853இல் கைவிடப்பட்டது.

சீட்டு மறைந்த பின்னும் பணி ஒப்பந்தம் நிலைத்தது. பயணம் தொடங்குமுன் கையொப்பமிடப்படும் இவ்வாவணத்தில் ஒவ்வொருவரின் பெயர், வயது, பிறந்த ஊர், முன்பு பணிசெய்த கப்பல், பதவி, மாதச் சம்பளம் ஆகியன ஒரே வரிசையில் அமைந்தன. எழுதத் தெரியாதவர் பெருக்கல் குறி போன்ற கீறலிட்டார். உணவளவும் அதே தாளில் இருந்தது. நாளொன்றுக்கு ஒரு பவுண்டு கடின பிஸ்கட்டும், மூன்று குவார்ட், அதாவது ஏறத்தாழ 3.4 லிட்டர் தண்ணீரும், முறைவைத்து உப்பிட்ட மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் தருவது பல ஒப்பந்தங்களில் காணப்படும் வழக்கம். காய்கறியற்ற இவ்வுணவால் ஈறு வீங்கிக் குருதி கசியும் ஸ்கர்வி நோய் வந்தமையால், எலுமிச்சைச் சாறு வழங்குவதை 1844ஆம் ஆண்டுச் சட்டம் கடமையாக்கியது; தரமற்ற சாறு புழங்கியதால் 1867இல் அதன் தரத்தையும் சட்டம் வரையறுக்க நேர்ந்தது.

கடலில் மாலுமிகள் இரு குழுக்களாகப் பிரிந்து, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறிப் பணி செய்தனர். ஒரு குழுவுக்கே நள்ளிரவுப் பணி நாள்தோறும் வாய்க்காதபடி, மாலை நான்கு முதல் எட்டு வரையுள்ள முறை மட்டும் இரண்டாகப் பகுக்கப்பட்டது. ஆயினும் புயல் எழுந்தால் ஓய்விலிருந்த குழுவும் அழைக்கப்பட, பாயைத் தாங்கும் குறுக்குமரமான பருமலின் மேல் வயிறு அழுந்தக் குனிந்து, நனைந்து விறைத்த பாயை வெறுங்கையால் சுருட்டிக் கட்ட வேண்டியிருந்தது.

கப்பல் சரக்குக் கட்டணம் ஈட்டினால்தான் மாலுமிக்குச் சம்பளம் என்ற பழைய நெறியை 1854ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் நீக்கியது. எனினும் கப்பல் உடைந்த நாளோடு சம்பளம் நின்றது. மிகைச் சுமையால் கப்பல்கள் மூழ்குவதைத் தடுக்க நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிலிம்சால் போராடியதன் பயனாக, கப்பலின் பக்கத்தில் சுமையின் எல்லையைக் காட்டும் சுமைக்கோடு 1876இல் கட்டாயமாயிற்று. ஆனால் அக்கோட்டினை எங்கு இடுவது என்பது 1890 வரை கப்பல் உரிமையாளர் விருப்பத்துக்கே விடப்பட்டிருந்தது.

ஒப்பந்தத் தாளின் கடைசிக் கட்டம், மாலுமி பணியிலிருந்து நீங்கிய நாளையும் இடத்தையும் காரணத்தையும் கூறுகிறது. விடுவிக்கப்பட்டார், ஓடிப்போனார், கடலில் விழுந்து இறந்தார் என்பன போன்ற ஓரிரு சொற்களே அங்கு உள்ளன. 1863 முதல் 1938 வரையுள்ள இத்தாள்களுள் சுமார் 70 விழுக்காடு கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகத்தில் காக்கப்படுகின்றன. ஆள் திரட்டவும் ஒழுங்குபடுத்தவும் எழுதப்பட்ட அவ்வரிகளில், எழுதத் தெரியாத மாலுமி தம் கையால் இட்ட கீறல் மட்டுமே அவருடைய சொந்தப் பதிவாக எஞ்சியிருக்கிறது.