ஓசூரின் பழுதறியும் சாஸ்திரம்

1971இல் தோன்றிய தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் கர்நாடக எல்லையோரத்து ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்ததும், 1984இல் டாடா குழுமமும் தமிழக அரசு நிறுவனமான டிட்கோவும் கூடித் தொடங்கிய டைட்டன் தன் முதல் கடிகாரத் தொழிற்சாலையை அங்கே எழுப்பியதும், கேழ்வரகு விளைந்த அப்பிரதேசத்தை நுண்ணிய யந்திரங்களின் க்ஷேத்திரமாக்கின.

விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகமே அக்கடிகாரங்களின் ஜீவநாடி. இன்று பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் உதிரிபாகங்கள் வாங்கி இளைஞர்கள் தாமே பூட்டும் விளையாட்டுக் கணினியின் மதர்போர்டிலும், நேரங்காக்க அதே வேகத்தில் ஒரு படிகம் அதிர்கிறது.

அக்கணினி திடீர் திடீரென ஸ்தம்பிக்கும்போது, ராம் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்து, பிராசஸரின் உஷ்ணத்தைக் கவனித்து, பவர் சப்ளையை மாற்றிப் பார்த்து, ஒரு சமயத்தில் ஒரே பாகத்தை மட்டும் மாற்றுகின்ற நிதானம், பாட்டரி, காயில், சர்க்யூட் என்று வரிசையாக ஆராயும் கடிகாரப் பழுதுபார்ப்போர் கைக்கொண்ட அதே முறையாகும். ஆத்திரத்தில் அனைத்தையும் மாற்றுவது பண விரயம். குறையின் மூலத்தைக் கண்டறிவதே தொழில் தர்மம்.