விசுவை விட்டு விலகிய விசு
நாள் பிறந்த கதை – 9

குற்றாலநாதர் கோயிலில் ஆண்டுக்கு இரண்டு விசுத் திருவிழாக்கள். ஒன்று சித்திரைப் பிறப்பை ஒட்டி, மற்றது ஐப்பசிப் பிறப்பை ஒட்டி. ‘விஷுவம்’ என்ற வடசொல்லே விசுவாயிற்று. பகலும் இரவும் சமமாக நிற்கும் நாள் என்று பொருள். ஆனால் சித்திரை பிறக்கும் ஏப்ரல் 14-இல் இரவைவிடப் பகல் நீளம். உண்மையான சமநாள் மார்ச் 20-ஐ ஒட்டியே வந்து போய்விடுகிறது. இடையில் 25 நாள். ஐப்பசி விசுவுக்கும் இதே கதிதான்.

பெயர் பொய் சொல்லவில்லை. பழைய உண்மையைச் சொல்கிறது. கி.பி. 499-இல் ஆரியபட்டருக்கு வயது 23. அந்தக் காலத்தில் சூரியன் மேஷத்தில் நுழைவதும் சமநாள் வருவதும் ஏறக்குறைய ஒன்றாகவே நிகழ்ந்தன. ஆண்டின் நீளம் 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை என்பது அவர் கணக்கு. வாக்கியப் பஞ்சாங்கத்தின் ஆண்டும் அதுவே. கடிகாரக் கணக்கில் 365 நாள், 6 மணி, 12 நிமிடம், 30 விநாடி.

இது விண்மீன்களை வைத்து அளந்த ஆண்டு. ஒரு சமநாளிலிருந்து அடுத்த ஆண்டின் அதே சமநாள் வரை அளந்தால் 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 45 விநாடிதான். சுழலும் பம்பரம் தலையாட்டுவதுபோல் பூமியின் அச்சும் சுமார் 26,000 ஆண்டுக்கு ஒரு முறை வட்டமிடுகிறது. அதனால் சமநாள் ஆண்டுதோறும் சற்று முந்திக்கொள்கிறது. பழைய கணக்கில் ஒட்டியிருந்த மூன்று நிமிடச் சொச்சமும் சேர, வித்தியாசம் 23 நிமிடம் 45 விநாடி. பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள்: 23 மணி 45 நிமிடம். சுற்றுக்கு ஒரு நாள்! ஆரியபட்டருக்குப் பின் இருபத்தைந்து சுற்றுகள், இருபத்தைந்து நாட்கள்.

நம்மவர்கள் கவனிக்காமல் விட்டதல்ல இது. அயனம் திரும்பும் இடம் முன்பு ஆயிலியத்தின் நடுவில் இருந்தது, இப்போது கடகத்தின் தொடக்கத்தில் இருக்கிறது என்று 6-ஆம் நூற்றாண்டிலேயே வராகமிகிரர் எழுதிவைத்தார். பிற்காலத்தார் அந்த விலகலை ‘அயனாம்சம்’ என்று தனியே கணக்கு வைத்தார்களே தவிர, மாதத்தைத் திருத்தவில்லை.

ரோமாபுரி திருத்தியது. ஈஸ்டர் சமநாளைத் தொட்டு நிற்கும் பண்டிகை. அது நழுவியதால், 1582-இல் அக்டோபர் 4-க்கு அடுத்த நாளை 15 என்று அறிவித்தார் போப் பதின்மூன்றாம் கிரகோரி. நம் திருவிழாக்களோ விண்மீனைத் தொட்டு நிற்பவை. தை மாதப் பௌர்ணமி பூசத்தை ஒட்டி வர வேண்டுமானால், சூரியன் மகர ராசியில் இருக்க வேண்டும். மாதங்களைப் பருவத்தோடு கட்டிப்போட்டால், காலப்போக்கில் தையும் பூசமும் பிரிந்துவிடும்.

மேகநாத் சாஹா தலைமையில் 1952-இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு பருவத்தின் பக்கம் நின்றது. அதன்படி 1957 மார்ச் 22, சக ஆண்டு 1879-இன் சைத்திர முதல் நாளாயிற்று. அரசிதழில் அந்தத் தேதி இன்றும் அச்சாகிறது. குற்றாலத்து விசுவோ விண்மீனை விடவில்லை. இனி ஓர் அறுபது ஆண்டு கழியும்போது சமநாளை விட்டு இன்னும் ஒரு நாள் தள்ளிப் போயிருக்கும்.

அடுத்த வாரம்: சோழிகளைத் தரையில் பரப்பி 1825-இல் கிரகணம் கணித்துக் காட்டிய புதுச்சேரிக்காரரும், அதைக் குறித்துவைத்த வாரன் என்ற அதிகாரியும்.

(தொடரும்)