நகர நடுவுக்கு எவ்வளவு, ஓரத்துக்கு எவ்வளவு?

மாநகர சபையின் பணம் ஆதன வரி, கடை வாடகை, அனுமதிக் கட்டணம், அரச மானியம் ஆகியவற்றால் சேர்வது. அது நகரத்தார் எல்லோருக்கும் உரியது. அதை எங்கே செலவிடுவது என்பதில்தான் பிரச்சினை.

நகர மையத்துக்குக் கூடுதலாகச் செலவிடுவதில் நியாயம் உண்டு. புறக்கோட்டையில் குடியிருப்போரை விடத் தினமும் வந்து போவோர் பல மடங்கு அதிகம். அங்குள்ள வீதியும் பொதுக் கழிப்பறையும் ஊருக்கே பயன்படுகின்றன.

ஆனால் வசதி மையத்துக்கு, சுமை ஓரத்துக்கு என்றாகிவிட்டால் அதை நியாயம் என்று சொல்ல முடியாது. கொழும்பின் குப்பை புளூமெண்டலிலிருந்து, மாநகர எல்லைக்கு வெளியே உள்ள மீதொட்டமுல்லைக்குப் போனது. 2017 ஏப்ரல் 14இல் அந்த மேடு சரிந்து 30இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2019இல் குப்பை புத்தளம் அருவக்காட்டுக்குப் போகத் தொடங்கியது. இவ்விரு இடத்தாருக்கும் கொழும்பு மாநகர சபையில் வாக்கில்லை.

எல்லா வட்டாரத்துக்கும் ஒரே தொகை கொடுத்தால் தீருமா? இதை நான் வகுப்பில் கணக்காகவே கொடுப்பதுண்டு. வடிகான் உள்ள வட்டாரத்துக்கும் இல்லாத வட்டாரத்துக்கும் பத்து இலட்சம் வீதம் கொடுங்கள். ஒன்றில் நடைபாதைக்குக் கல் பதிப்பார்கள், மற்றதில் வடிகான் பாதியில் நிற்கும். சமம் வேறு, நீதி வேறு என்பது பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடுகிறது.

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989இல் தொடங்கிய முறை இதற்கு நல்ல உதாரணம். பகுதி வாரியாக மக்கள் கூடி, புதிய வேலைகளுக்கான பணத்தைப் பகிர்ந்தார்கள். சனத்தொகை, வசதிக் குறைவு, மக்கள் முதலில் கேட்கும் தேவை ஆகிய மூன்றுக்கும் புள்ளி இடப்பட்டது. குறைவு கூடிய பகுதிக்குப் புள்ளியும் கூடும்.

நமக்கும் வழி இருக்கிறது. 2018 தேர்தல் முதல் வட்டாரத்துக்கென உறுப்பினர் இருக்கிறார். பாதீட்டு வரைவைச் சபை பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, காரணம் சொல்லாமலே குடிமக்கள் எவரும் தகவல் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தன் முடிவை அறிவிக்க வேண்டும்.

கேட்க வேண்டியது ஒன்றுதான்: கடந்த மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு வட்டாரத்திலும் வீதி, வடிகான், விளக்கு ஆகியவற்றுக்குச் செலவான தொகை எவ்வளவு? அந்த எண்கள் இல்லாமல் "எங்கள் பக்கம் கவனிப்பதில்லை" என்றால் அது வெறும் புலம்பலாகவே போய்விடும். எண்களோடு போனால் சபை பதில் சொல்லியே ஆகவேண்டும். மஹல்லாவில் நாலு பேர் சேர்ந்து, அடுத்த பாதீட்டுக்கு முன்பே அந்த விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.