கட்டற்ற மென்பொருளும் பத்திரிகை அறிவிப்பும்

கோலா என்னும் மலாய்ச் சொல்லுக்கு ஆற்றுமுகம் என்பது பொருள். கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைக் கடந்து கம்போங் ராஜாவை நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்துள்ள கோலா தெர்லாவும் இத்தகைய பெயருடைய சிற்றூர்களுள் ஒன்று. இன்று அங்கே காய்கறித் தோட்டங்களே கண்ணை நிறைக்கின்றன எனினும், அம்மலையின் தமிழர் வாழ்வு தேயிலையோடு தொடங்கியதாகும். 1929 ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். அதன்பின் காடழித்துக் கொழுந்து பறித்த கைகளுள் பெரும்பாலானவை தமிழர் கைகளே. லயங்களில் வாழ்ந்த அம்மக்களுக்கு வெளியுலகச் செய்தி வந்து சேர்ந்த வழி, கீழ்நாட்டிலிருந்து மலைப்பாதை ஏறி வந்த தமிழ் நாளேடு. 1924 ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தோன்றிய 'தமிழ் நேசன்', 1935 ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தோன்றிய 'தமிழ் முரசு' ஆகியவற்றை எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சுற்றியமர்ந்து கேட்பர். காதால் கேட்டு விளங்கிக்கொள்ள இயலாத செய்தி அங்கே செய்தியாகவே கருதப்படவில்லை.

இவ்வாசகரை மனத்தில் இருத்திக்கொண்டு, கட்டற்ற மென்பொருள் உலகுக்கு அறிவிக்கப்பட்ட வரலாற்றை நோக்குவது பயனுடைத்து. கணினிக்கு மனிதர் எழுதும் கட்டளைகளின் தொகுப்பே மென்பொருள். அவர் எழுதிய வடிவமே மூலநிரல். வணிக நிறுவனங்கள் பலவும் மூலநிரலைப் பூட்டிவைத்துப் பயனை மட்டும் விற்கும். கட்டற்ற மென்பொருளை ஆக்குவோரோ மூலநிரலைத் திறந்துவைத்து, எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம் என்று உரிமை எழுதிக் கொடுப்பர். இத்தகையோரிடம் விற்பனையாளர் இல்லை. விளம்பரத்துக்குப் பணமும் பெரும்பாலும் இல்லை. ஆகவே பத்திரிகைக்கு எழுதும் ஒரு பக்க அறிவிப்பே அவர்தம் முரசும் தூதும் ஆகின்றது.

பத்திரிகை அறிவிப்பு என்னும் வழக்கம் கணினிக்கு மூத்தது. 1906 ஆம் ஆண்டு அக்டோபர் 28 ஆம் நாள், அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டியை அடுத்த பாலமொன்றிலிருந்து தொடர்வண்டி நீரில் வீழ்ந்து 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். விபத்துகளை மூடி மறைப்பதே அக்காலத்து இரயில் நிறுவனங்களின் இயல்பு. பென்சில்வேனியா இரயில் நிறுவனத்துக்குப் பணியாற்றிய ஐவி லீ என்பவர், நிகழ்ந்ததைத் தாமே எழுதிப் பத்திரிகைகளுக்கு வழங்கினார். நியூயார்க் டைம்ஸ் அதனை அவ்வாறே அச்சிட்டது. பத்திரிகை அறிவிப்பின் தொடக்கமாக இந்நிகழ்ச்சியைக் குறிப்பிடுவது மரபு. ஒரு தீச்செய்தியை மறையாது சொன்னதில் இக்கலை பிறந்தது. பிற்காலத்தில் அது புகழுரைக்குக் கருவியாகிப்போனது வேறு கதை.

கட்டற்ற மென்பொருளின் முதற்பேரறிவிப்பு 1983 ஆம் ஆண்டு செப்டம்பர் 27 ஆம் நாள் வெளிவந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், குனு என்னும் முழு இயங்குதளத்தை எழுதி அனைவர்க்கும் வழங்கப்போவதாக, கணினி வல்லுநர் செய்தி பரிமாறிக்கொண்ட வலையமைப்பில் எழுதினார். அன்று கையில் ஒன்றுமில்லை. அறிவிப்பு ஒன்றே இருந்தது. எனினும், எப்பகுதிகளை எழுத வேண்டும் என்பதை அவர் எடுத்துக்கூறினார். ஏன் எழுதுகிறார் என்பதற்குக் காரணம் சொன்னார். பணம் வேண்டும், கணினி வேண்டும், பகுதிநேர உழைப்பு வேண்டும் என்று நேரடியாகக் கேட்டார். கேட்டது இன்னதென்று தெரிந்தமையால் கொடுக்க முன்வந்தோர்க்கும் தம் பங்கு இன்னதென்று விளங்கிற்று.

அவ்வறிவிப்பிலும் ஒரு குறை இருந்தது. ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல்தான். அச்சொல்லைக் கையாண்ட ஸ்டால்மன், எவரும் இதனைப் பயன்படுத்த அனுமதிக்காகப் பணம் தர வேண்டியதில்லை என்று எண்ணியே எழுதினார். படித்தவரோ, படிகளையும் விலையின்றியே தருவதாகப் பொருள் கொண்டனர். 1985 ஆம் ஆண்டில் வெளியான தமது கொள்கை அறிக்கைக்குப் பின்னாளில் அடிக்குறிப்பு எழுதி, தாம் அச்சொல்லைக் கவனமின்றி ஆண்டதாக அவரே ஒப்புக்கொண்டார். ஒரு சொல்லின் ஈரடிப் பொருளைத் தெளிவிக்க அவ்வியக்கம் இன்றுவரை உழைக்கின்றது. தமிழுக்கு இவ்விடர் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்பதைத் தமிழறிந்த சிறுவனும் உணர்வான். இவ்வளவு நல்வாய்ப்பிருந்தும், தமிழ் அறிவிப்புகளில் இலவசம் என்னும் சொல்லே முதலில் வந்து நிற்பது வியப்பே.

1991 ஆம் ஆண்டு ஆகஸ்டு 25 ஆம் நாள் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட அறிவிப்பு இதற்கு நேர்மாறான தன்மையது. அவருக்கு அப்போது அகவை 21. மினிக்ஸ் என்னும் சிறு இயங்குதளத்தைப் பயன்படுத்தியோர் குழுவுக்கு அவர் எழுதினார். பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதுவதாகவும், அது குனுவைப்போல் பெரிதாகாது என்றும், தம்மிடமுள்ள வகைக் கணினியன்றிப் பிறவற்றில் ஓடுவது அரிது என்றும் குறைகளையே விரித்துரைத்தார். மினிக்ஸில் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று வினவினார். அதுவே பின்னர் லினக்ஸ் எனப் பெயர்பெற்று, 1992 ஆம் ஆண்டில் குனுவின் பொது உரிமத்தை ஏற்று, உலகெங்கும் பரவியது. தன் பொருளைத் தாழ்த்திச் சொன்னமையால்தான் வென்றது எனல் மிகை. ஆயினும், குறையை முன்கூட்டியே சொன்ன அறிவிப்பைப் படித்தவர் ஏமாற்றம் அடையவில்லை. குறையை நீக்க உதவினர் என்பது வரலாறு.

இவ்விரண்டும் வல்லுநர்க்கு வல்லுநர் எழுதியவை. செய்தித்தாள் வாசகர்வரை இப்பொருள் சென்றது 1998 ஆம் ஆண்டில். அவ்வாண்டு சனவரி 22 ஆம் நாள் நெட்ஸ்கேப் நிறுவனம், தனது உலாவியின் மூலநிரலை ஆண்டின் முதற்காலாண்டு முடிவதற்குள் திறந்துவிடுவதாகப் பத்திரிகைகளுக்கு அறிவித்தது. மார்ச்சு 31 ஆம் நாள் சொன்னபடியே திறந்தது. இடையில், பிப்ரவரித் தொடக்கத்தில் பாலோ ஆல்ட்டோ நகரில் சிலர் கூடிப் பேசுகையில், கிறிஸ்டீன் பீட்டர்சன் என்னும் அம்மையார் திறமூலம் எனப் பொருள்படும் புதுப் பெயரை முன்மொழிந்தார். ஏப்ரலில் டிம் ஓரெய்லி கூட்டிய மாநாட்டின் இறுதியில், மென்பொருள் ஆக்கியோரே பத்திரிகையாளர் முன் அமர்ந்து விடையளித்தனர். பெயரால் விடுதலை என்னும் கருத்து மங்கியது என்று ஸ்டால்மன் வருந்தினார். அவர் வருத்தம் பொருளற்றதன்று. ஆனால், செய்தியாசிரியர் தலைப்பிட ஏற்றதொரு பெயரின்றி எந்த அறிவிப்பும் அச்சேறாது என்பதும் உண்மையே.

தமிழில் நிகழ்ந்தது யாது? மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 ஆம் ஆண்டிலேயே முரசு மென்பொருளை ஆக்கத் தொடங்கினார். 1998 ஆம் ஆண்டுப் பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, தன்னார்வலரைக் கொண்டு தமிழ் நூல்களை மின்வடிவில் ஏற்றலானார். 2000 ஆம் ஆண்டையொட்டி, பல நாடுகளில் சிதறியிருந்த தமிழர் கே.டி.இ. என்னும் லினக்ஸ் இடைமுகத்தைத் தமிழாக்கினர். 2001 ஆம் ஆண்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடைபெற்றது. இவற்றைப் பற்றிய அறிவிப்புகள் பெரும்பாலும் மின்னஞ்சல் குழுக்களிலேயே உலவின. இணையத்தில் ஏற்கெனவே இருந்தவர்க்கு இணையத்தின் வழியே சொல்லப்பட்டன. தோட்டத்துப் பள்ளி ஆசிரியர் அக்குழுக்களில் இருந்திருக்க வாய்ப்பேது?

இதற்கு மனிதர் மட்டும் காரணரல்லர், எழுத்தும் காரணம். ஒருங்குறியில் தமிழ் 1991 ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றிருப்பினும், நடைமுறைக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. அதுவரை தகுதரம் ஒருபுறம், 1999 ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டில் ஏற்கப்பட்ட தாம், தாப் குறியேற்றங்கள் மறுபுறம், அச்சகத்துக்கு அச்சகம் வெவ்வேறு எழுத்துருக்கள் இன்னொருபுறம் என நின்றன. ஒன்றில் அடித்த தமிழ் மற்றொன்றில் புரியாக் குறிகளாய்ச் சிதறும். தமிழ் மென்பொருள் வந்துவிட்டது என்னும் செய்தியே பத்திரிகை அலுவலகக் கணினியில் தமிழாய்த் தெரியாது! தாளில் அச்சிட்டு அனுப்பியோர், அல்லது படமாக்கி இணைத்தோர் தப்பினர்.

2005 ஆம் ஆண்டு ஏப்ரல் 15 ஆம் நாள் சென்னையில் நடந்த விழா மற்றொரு பாடம் புகட்டியது. இந்தியத் தகவல் தொழில்நுட்ப அமைச்சின் சார்பில் தமிழ் எழுத்துருக்களும் மென்பொருள்களும் அடங்கிய குறுவட்டைச் சோனியா காந்தி வெளியிட்டார். தயாநிதி மாறன் அப்போது துறையமைச்சர். ஓப்பன் ஆபீஸைத் தழுவிய அலுவலகத் தொகுப்பும் பயர்பாக்ஸ் உலாவியும் தமிழில் அதில் இருந்தன. வேண்டுவோர்க்குக் குறுவட்டு அஞ்சலில் அனுப்பப்பட்டது. கட்டற்ற மென்பொருள் என்ற சொல்லையே கேட்டிராதோரும் செய்தித்தாளில் கண்டு விண்ணப்பித்தனர். என்ன பொருள், எப்படிப் பெறுவது என்னும் இரண்டும் செய்தியில் விளங்கின. ஆனால், இதைப் படியெடுத்து அண்டை வீட்டார்க்கும் தரலாம், திருத்தியும் தரலாம் என்னும் உரிமை அதே அளவு மக்கள் நெஞ்சில் பதிந்ததாகச் சொல்வதற்கில்லை. கொடை தெரிந்தது, உரிமை தெரியவில்லை.

இவ்வனுபவங்களை வைத்து நோக்கின், நல்ல அறிவிப்பின் உருவம் ஒருவாறு புலப்படும். முதற்பத்தியிலேயே பொருள் இன்னது, யார் ஆக்கினர், எந்நாள் முதல் கிடைக்கும், எங்கே பெறலாம் என்பவை அமைதல் வேண்டும். இடம் போதாவிடில் துணையாசிரியர் வெட்டுவது கடைசிப் பத்திகளையே. உரிமத்தின் பெயரை மட்டும் எழுதாது, அதனால் பள்ளிக்கும் வீட்டுக்கும் என்ன உரிமை என்பதை ஒரே தொடரில் உரைத்தல் வேண்டும். பழைய கணினியில் ஓடுமா, இன்னும் முடியாத பகுதி எது என்பவற்றை டோர்வால்ட்ஸைப்போல் ஒளியாது சொல்லலாம். புரட்சி, சாதனை, உலகில் முதன்முறை முதலிய சொற்களைத் துணையாசிரியர் எப்படியும் அடித்துவிடுவார். அவருடைய மையை மிச்சப்படுத்துவது நன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, அறிவிப்பைத் தமிழிலேயே எழுதி அனுப்புதல் வேண்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ வந்த தாளை அந்திப்பொழுதின் அவசரத்தில் பெயர்ப்பவர், மூலநிரலை என்னவென்று பெயர்ப்பாரோ யாரறிவார்?

95 ஆண்டு காலம் வெளிவந்த 'தமிழ் நேசன்' 2019 ஆம் ஆண்டு தொடக்கத்தில் நின்றுபோயிற்று. மற்ற ஏடுகள் இருப்பினும், இன்று மலைத்தோட்டத்துக்குச் செய்தி முந்திச் செல்வது கைப்பேசிப் புலனத்தின் வழியே. அங்கே ஒருவர் வெட்டி ஒட்டியதை மற்றொருவர் அனுப்புவர். நாளும் முகவரியும் அனுப்பியவர் பெயரும் வழியில் உதிர்ந்துவிடும். மூன்றாண்டுக்கு முந்தைய அறிவிப்பு நேற்று வந்ததுபோல் வந்து நிற்கும். மதுரைத் திட்டத்தார் இதற்கு முன்பே ஒரு வழி கண்டிருந்தனர். அவர்தம் மின்னூல் ஒவ்வொன்றின் தலைப்பிலும், தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்பு நோக்கியவர் யார், எவர்க்கும் தாராளமாக வழங்கலாம், ஆனால் இம்முகப்பைப் பிரித்தெடுக்காது வழங்குக என்னும் குறிப்புகள் நூலோடு ஒட்டியே இருக்கும். புலனத்துக்கு எழுதப்படும் அறிவிப்பிலும் நாள், பெறுமிடம், பொறுப்பாளர் பெயர் ஆகிய மூன்றையும் தனித்து நிறுத்தாமல் முதல் இரு வரிகளுக்குள்ளேயே பிணைத்து எழுதினால், எத்தனை கை மாறினும் அவை உடன் செல்லும்.