புதுக்கோட்டையில் இணையக் கல்வி: அறிவொளி முதல் வலைப்பதிவு வரை

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கப்பட்டபோது இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடையாது. விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் அதை வழங்கத் தொடங்கியது 1995 ஆகஸ்டு 15 அன்றுதான். ஆனாலும் இந்த மாவட்டத்து மக்கள் கணினியும் இணையமும் பழகிய வரலாற்றை அறிவொளியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. பின்னால் வந்த ஒவ்வொரு முயற்சியிலும் எழுந்த கேள்வி அப்போதே எழுந்துவிட்டது: ஊருக்குள் வந்த கருவி யார் கையில் இருக்கும்?

அறிவொளியில் அந்தக் கருவி சைக்கிள். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவு இயக்கத்தோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்த வேண்டிய பெண் தொண்டர்களுக்குப் பேருந்தை நம்பி வேலை நடக்காது என்பதே முதல் காரணம். வாங்க வசதியில்லாதவர்களுக்கு வங்கிக் கடன் ஏற்பாடு செய்யப்பட்டது. மகளிர் சைக்கிள் போதாமல் போனபோது, பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே பெண்கள் வாங்கி ஓட்டினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் சைக்கிள் பழகியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். கேலியும் வசையும் இல்லாமல் இது நடக்கவில்லை. ஆனால் தண்ணீர் எடுக்கவும், விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் அப்பனையோ கணவனையோ மகனையோ எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை என்றானபின் கேலி தானாக அடங்கியது. கற்றுக்கொடுக்க ஆள், வாங்கக் கடன், கூட்டமாகச் சேர்ந்து பழக ஒரு மைதானம் என்ற மூன்றும் அன்று ஒரே நேரத்தில் அமைந்தன. பிற்காலத்தில் கணினிக்கு இவை மூன்றும் அப்படிச் சேர்ந்து கிடைத்தது அரிது.

கணினியை ஊர்ப்பொதுவாக வைத்து நடத்திப் பார்க்கும் முயற்சி அருகிலுள்ள புதுச்சேரியில் 1998இல் தொடங்கியது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துச் சுற்றுவட்டக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. தொலைபேசி சரியாக இல்லாத ஊர்களுக்குக் கம்பியில்லா வானொலி வழியே செய்தி போனது. மின்சாரம் தடைப்படும் இடங்களில் சூரிய ஒளித் தகடுகள் வைக்கப்பட்டன. எம்பலத்தில் மையம் கோயில் இடத்திலேயே இயங்கியது. வீராம்பட்டினத்தில் அலை உயர முன்னறிவிப்பை அமெரிக்கக் கடற்படை இணையதளத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அறிவித்தார்கள். இணையம் என்ற சொல்லையே அறியாத கிழவரும் அதன் பயனைக் காதால் பெற்றார். 2004 டிசம்பர் 26 காலையில் நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரிக்க, தகவல் மையத்தின் ஒலிபெருக்கி மூலம் ஊர் வெளியேற்றப்பட்டது. ஊரில் உயிரிழப்பு இல்லை. கணினி அன்று எதுவும் செய்யவில்லை என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அந்த ஒலிபெருக்கி அங்கே இருந்ததும், அதை இயக்க ஓர் ஆள் பழகியிருந்ததும் தகவல் மையத்தால்தான்.

சுனாமிக்கு இரண்டு மாதம் முன்பு, 2004 அக்டோபரில், இந்நிறுவனமும் இஸ்ரோவும் சேர்ந்து செயற்கைக்கோள் வழி இணைக்கப்பட்ட கிராம வள மையங்களைத் தொடங்கின. திருவையாறு, செம்பட்டி, தங்கச்சிமடம் ஆகியவை முதலில் வந்தவை. பின்னர் புதுக்கோட்டை மாவட்டத்தில் அன்னவாசலில் ஒரு மையம் அமைந்தது. தமிழ் எழுத்தின் பழைய சான்றுகளில் ஒன்றான சித்தன்னவாசல் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அதற்கு மிக அருகில்தான் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அன்னவாசல் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல், இல்லாவிட்டால் பயறும் கடலையும். எனவே உழவர்கள் கேட்டதும் மழை, விதை, பூச்சி பற்றித்தான். இலையில் புள்ளி விழுந்த செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்து காட்டும் பயிர் மருத்துவ முகாம்களையும் இந்நிறுவனம் மாவட்டத்தில் நடத்தியது. இவ்வகை மையங்களின் பலம் அவற்றை நடத்திய உள்ளூர் ஆட்கள். பலவீனம், செலவுக்கு வெளியாரின் நிதியை நம்பியிருந்தது. பத்து நிமிடத் தகவலுக்கு ஊரார் கொடுக்கக்கூடிய கட்டணத்தில் செயற்கைக்கோள் இணைப்பைக் கட்டிக்காக்க முடியாது.

மாவட்டத்தில் அடுத்த அலையை எழுப்பியவர்கள் பள்ளி ஆசிரியர்கள். அவர்களுக்கு முதல் தடை இணைப்பன்று, தமிழ்த் தட்டச்சு. 1999இல் தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. ஆனால் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பழைய எழுத்துருக்கள் தொடர்ந்தன. ஒரு கணினியில் அடித்த தமிழ் இன்னொன்றில் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலம் அது. இருபது ஆண்டு தமிழ் கற்பித்தவர்கூட விசைப்பலகை முன்னால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையாக உட்கார வேண்டியிருந்தது. கவிஞரும் தமிழாசிரியருமான நா. முத்துநிலவன் முன்னின்ற கணினித் தமிழ்ச் சங்கம் இந்தக் கூச்சத்தைப் போக்கும் வேலையை எடுத்துக்கொண்டது. மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலராக இருந்த முனைவர் நா. அருள்முருகன் ஊக்கமளித்தார். ஒருங்குறியில் தட்டச்சு செய்வது, மின்னஞ்சல் அனுப்புவது, சொந்தமாக வலைப்பூ தொடங்குவது ஆகியவை பயிற்சிகளில் கற்றுத்தரப்பட்டன. பயின்றவர்களில் ஆசிரியைகளும் இருந்தார்கள். மாவட்டத்திலிருந்து பெண்கள் பலர் தங்கள் பெயரில் எழுதத் தொடங்கினார்கள்.

தமிழ் வலைப்பதிவர்கள் 2012, 2013 ஆண்டுகளில் சென்னையிலும் 2014இல் மதுரையிலும் கூடியிருந்தார்கள். 2015 அக்டோபர் 11 அன்று அந்தத் திருவிழா புதுக்கோட்டைக்கு வந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோடு சேர்ந்து கட்டுரை, கவிதைப் போட்டிகள் நடத்தப்பட்டன. கணினித் தமிழ், சுற்றுச்சூழல், பெண்கள் முன்னேற்றம் ஆகியவை கட்டுரைப் பொருள்கள். வலைப்பதிவர் விவரங்களைத் தொகுத்த கையேடும் வெளியானது. பெரிய நகரங்களுக்குப் பிறகு ஒரு சிறிய மாவட்டத் தலைநகர் இதை ஏற்று நடத்தியது சாதாரணமல்ல. எனினும் வலைப்பூக்களின் நல்ல காலம் அப்போதே முடிந்துகொண்டிருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து தரவின் விலை சரிந்தபின் எழுத்தும் பேச்சும் முகநூலுக்கும் வாட்சப்புக்கும் போயின. கணினியே தொடாதவர்கள் நேராகக் கைப்பேசிக்கு வந்தார்கள். அவர்களுக்கு அறிவொளி போலவோ கணினித் தமிழ்ச் சங்கம் போலவோ உட்கார வைத்துச் சொல்லித்தர ஆளில்லை, பேரப்பிள்ளைதான் வாத்தியார்.

இதனால் வந்த சிக்கல் பணத்தில் தெரிகிறது. உதவித்தொகை, நூறு நாள் வேலைக் கூலி, குழுக் கடன் எல்லாம் வங்கிக் கணக்குக்கும் கைப்பேசி எண்ணுக்கும் கட்டுப்பட்டவை. பெண்ணின் கணக்குக்கு வரும் கடவு எண், திருப்பூரில் வேலை செய்யும் மகனின் கைப்பேசிக்குப் போகிற வீடுகள் உண்டு. அவன் எடுத்துச் சொல்லும்வரை இ-சேவை மையத்தில் அவள் காத்திருக்க வேண்டும். சைக்கிள் வருமுன் பேருந்து நிறுத்தம்வரை கொண்டுபோய்விட ஆண்துணை தேடி நின்ற நிலைக்கும் இதற்கும் வேறுபாடு குறைவு.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பாரத்நெட் திட்டத்தில் இம்மாவட்டத்தின் 497 ஊராட்சிகளும் அடக்கம். இழை ஊராட்சி அலுவலகம்வரை வரும், கண்மாய்க்குள் வராது. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் தளங்களில் வருகையைக் கைப்பேசிச் செயலியில், நாளுக்கு இருமுறை புகைப்படத்துடன் பதிய வேண்டும் என்று கட்டாயமாக்கப்பட்டது. பதிவானால்தான் கூலி. பணித்தளப் பொறுப்பாளராகப் பெயர் கொடுக்கும் பெண் இப்போது எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் மட்டும் போதாது. படம் எடுக்கவும், ஏற்றவும், சிக்னல் இல்லாவிட்டால் கரைமேல் ஏறி அது கிடைக்கும் இடத்தைத் தேடவும் தெரிய வேண்டும். கைப்பேசியும் பெரும்பாலும் அவளுடையதுதான்.