திருமலையில் மிராசு ஒழிந்த பிறகு

திருமலை வேங்கடேசுவரர் கோயிலில் அர்ச்சனை, மடைப்பள்ளி, தீர்த்தம், தீவட்டி என்று பல ஊழியங்கள் தலைமுறை தலைமுறையாகக் குறிப்பிட்ட சில குடும்பங்களுக்கு உரியவையாக இருந்தன. இந்த உரிமையை மிராசு என்றார்கள். மிராசுதாரர் தம் வேலையைத் தேடிப் பெற்றவர் அல்லர். பிறப்பால் அது அவருக்கு வந்தது, அவருக்குப் பின் மகனுக்குப் போனது. மாதச் சம்பளம் கிடையாது. சுவாமிக்கு நிவேதனமான பிரசாதத்தில் ஒரு பங்கும், தட்டிலும் காணிக்கையிலும் வழக்கப்படி சேர வேண்டிய பாகமும் கிடைத்தன, சில ஊழியங்களுக்கு மானிய நிலமும் உண்டு. 1987இல் ஆந்திரப் பிரதேச அரசு ஒரே சட்டத்தால் இந்த உரிமையை ஒழித்தது. வேலையைச் சொத்தாக எண்ணி வாழ்ந்தவர்கள் அன்று முதல் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டியவர்கள் ஆனார்கள்.

இந்த ஏற்பாட்டின் வேர் திருமலைக் கல்வெட்டுகளில் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை தமிழில் பொறிக்கப்பட்டவை. கோயிலுக்கு நிலமோ பொன்னோ கொடுத்து நித்தியப்படி தளிகைக்கு ஏற்பாடு செய்தவருக்கு, அந்தப் பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு உண்டு. விட்டவன் விழுக்காடு என்று கல்வெட்டுகள் அதைக் குறிக்கின்றன. மீதியைக் கோயில் நிர்வாகிகளான தானத்தார், அர்ச்சகர்களான நம்பிமார், சமையல் செய்த சுயம்பாகிகள், திருவேங்கடமுடையானின் மற்ற ஊழியர்கள் ஆகியோர் பகிர்ந்துகொண்டார்கள். பங்கு பெற்றவர் அதைத் தாமே உண்ணலாம், பிறருக்குக் கொடுக்கலாம், மலையேறி வந்த யாத்ரீகருக்கு விற்கவும் செய்யலாம். விஜயநகர அரசர்கள் காலத்தில் நன்கொடைகள் பெருகப் பெருக இந்தப் பங்குகளின் மதிப்பும் உயர்ந்தது. திருமலையில் பிரசாதம் ஊழியரின் ஊதியமாகவும் ஆனது இப்படித்தான்.

அந்தக் காலத்திலும் பிழைப்பு இழந்தவர்கள் இருந்தார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் சாளுவ நரசிம்மனின் ஆதரவோடு கந்தாடை ராமானுஜ அய்யங்கார் திருமலையிலும் திருப்பதியிலும் ராமானுஜ கூடங்கள் என்ற அன்னசாலைகளை நடத்தினார். அவருடைய சீடர்களான சாத்தாத ஸ்ரீவைஷ்ணவர்கள் நந்தவனங்களைப் பராமரித்து, மாலை கட்டிக் கொடுத்து, பிரசாதப் பங்கும் பெற்றார்கள். பின்னாளில் விஜயநகரம் தளர்ந்தபோது அவர்களுடைய செல்வாக்கும் தேய்ந்தது. அவர்களை யாரும் ஆணை போட்டு நீக்கியதாகத் தெரியவில்லை. புரவலர் போனார், அவரோடு பங்கும் போயிற்று. மிராசை என்றென்றைக்கும் அசையாத ஒன்றாக நினைத்தவர்கள் இந்த வரலாற்றை மறந்துவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

1801இல் ஆற்காடு நவாபின் நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அப்போது திருமலைக் கோயிலின் வரவு செலவும் கம்பெனியிடம் சேர்ந்தது. வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர் அன்று சித்தூர். மலைக்கோயிலில் எவருக்கு என்ன முறை, எத்தனை படி, எந்தப் பங்கு என்ற கணக்குகள் சித்தூர் கலெக்டரின் மேசைக்கு வந்தன. 1821இல் வகுக்கப்பட்ட புரூஸ் விதிகள் கோயில் நிர்வாகத்துக்கு 42 பிரிவுகள் கொண்ட ஒழுங்குமுறையைத் தந்தன. வழக்கமாக மட்டும் இருந்தது எழுத்தில் ஏறியது அப்போதுதான். இது மிராசுதாரர்களுக்கு இருவிதமாக வேலை செய்தது. அவர்களுடைய உரிமைக்கு அரசின் பதிவு சாட்சியாக நின்றது. அதே சமயம், பதிவு செய்யும் அரசு ஒரு நாள் அதை ரத்தும் செய்யலாம் என்பதற்கு வழி திறந்தது.

கோயில் நிர்வாகத்தைக் கம்பெனி 1843இல் கைவிட்டு, ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் ஒப்படைத்தது. தொண்ணூறு ஆண்டுகள் மகந்துகள் விசாரணைக் கர்த்தர்களாக இருந்தார்கள். மிராசுதாரர்களுக்கும் நிர்வாகத்துக்கும் இடையே வழக்குகள் நடந்தன, ஆனாலும் உரிமை அப்படியே நின்றது. 1933இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தால் திருமலை திருப்பதி தேவஸ்தானம் உருவானது. அதன்பின் 1951, 1966, 1979 என்று அடுத்தடுத்துச் சட்டங்கள் வந்தன. நிர்வாகம் மாறியது, மிராசு மாறவில்லை.

மிராசு என்பது எவ்வளவு விரிந்தது என்பதை அதிகாலைச் சுப்ரபாதத்தில் காணலாம். கொல்லர் என்று தெலுங்கில் அழைக்கப்படும் இடையர் குடும்பத்துச் சன்னிதி ஊழியர் தீவட்டியோடு அர்ச்சகர் வீட்டுக்குச் சென்று அவரை அழைத்து வருவார். அர்ச்சகர் குஞ்சிக்கோல் ஏந்தி வருவார். ஜீயர் மடத்தின் ஏகாங்கி சாவியோடு நிற்பார். பங்காரு வாகிலி என்ற பொன்வாசல் திறந்ததும் முதலில் உள்ளே செல்லும் பெருமை அந்தக் கொல்லருடையது. அன்னமாச்சாரியார் வழிவந்த தாள்ளபாக்கம் குடும்பத்தார் பாடுவார்கள். திருமலை நம்பியின் வழிவந்தவர்களுக்குத் தீர்த்தக் கைங்கர்யம். வைகானச ஆகமப்படி கருவறைப் பூஜை செய்யும் உரிமை கொல்லபள்ளி, பைடிபள்ளி, பெத்திண்டி, திருப்பதம்மா என்ற நான்கு குடும்பங்களுக்கு உரியது. போட்டு என்று அழைக்கப்படும் மடைப்பள்ளியில் லட்டும் வடையும் செய்தவர்களுக்கும் பங்கு முறை உண்டு. 1987 சட்டத்தை எதிர்த்த அர்ச்சகர்களின் வழக்கு மட்டுமே செய்தித்தாள்களில் பெரிதாக வந்ததால் இந்த மற்றவர்களின் கதை வெளியே தெரியாமல் போனது. மடைப்பள்ளி அடுப்பின் முன் நின்றவருக்கும் தீவட்டி தூக்கியவருக்கும் அந்தப் பங்குதான் ஆண்டு முழுவதற்கும் குடும்பச் செலவு.

அந்த 1987 சட்டத்துக்கு முன்மாதிரி தமிழ்நாட்டிலிருந்து வந்தது. மு. கருணாநிதி தலைமையிலான அரசு 1970இல் அறநிலையச் சட்டத்தைத் திருத்தி, அர்ச்சகர் பதவிக்கு வாரிசு முறை இல்லை என்றது. அதை எதிர்த்து வந்த சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972 மார்ச்சில் தீர்ப்பு சொன்னது. அர்ச்சகரை நியமிப்பது மதம் சாராத செயல், ஆகவே வாரிசு உரிமையை அரசு நீக்கலாம். ஆனால் ஆகமம் விதிக்கும் தகுதியைப் பார்த்தே நியமிக்க வேண்டும் என்பது அதன் சாரம். பூஜை மதம், பூசாரியின் நியமனம் நிர்வாகம் என்ற இந்தப் பிரிவினையின் மேல்தான் பின்னாளில் ஆந்திரச் சட்டம் நின்றது.

ஆந்திரத்தில் என்.டி. ராமராவ் அரசு, முன்னாள் தலைமை நீதிபதி சல்லா கொண்டையா தலைமையில் அமைத்த ஆணையம் கோயில்களின் நிலையை ஆராய்ந்தது. அதன் பரிந்துரையை ஒட்டி வந்ததே 1987ஆம் ஆண்டின் 30ஆம் எண் சட்டம். அதன் 34ஆம் பிரிவு மிராசுதாரர், அர்ச்சகர், பிற ஊழியர் அனைவரின் பரம்பரை உரிமையையும் ரத்து செய்தது. 144ஆம் பிரிவு உண்டியல், தட்டு, ரூசும் என்ற வழக்கக் கட்டணம் ஆகியவற்றில் இருந்த பங்குகளை ஒழித்தது. முன்னது பதவியை எடுத்தது, பின்னது வருமானத்தை எடுத்தது. திருமலை அர்ச்சகர் ஏ.எஸ். நாராயண தீட்சிதுலு முதலானோர் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். வழக்கு ஒன்பது ஆண்டு நடந்தது. 1996 மார்ச் 19 அன்று நீதிபதிகள் கே. ராமசுவாமி, பி.எல். ஹன்சாரியா அமர்வு சட்டம் செல்லும் என்றது. அர்ச்சகர்களின் நல்வாழ்வுக்குத் திட்டம் வகுக்க வேண்டும் என்பதையும் அந்தத் தீர்ப்பு சேர்த்துச் சொன்னது.

உரிமை இழந்தவர்கள் அதன்பின் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்த வரலாற்றின் நடுப்பகுதி. திருமலையில் கோயில் ஒரு நாளும் மூடப்படவில்லை. பூஜை தெரிந்தவர் அதே குடும்பத்தார்தான். ஆகவே தேவஸ்தானம் அவர்களையே ஊதியத்துக்குப் பணியில் வைத்துக்கொண்டது. முன்பு முறை வைத்து வந்தவர், இப்போது பணிப்பட்டியல் பார்த்து வந்தார். பங்கு போய்ச் சம்பளம் வந்தது. மகனுக்கு வேலை கிடைக்கும் என்ற உறுதி மட்டும் போய்விட்டது. மடைப்பள்ளியில் மாற்றம் இன்னும் ஆழமானது. பிரசாதம் செய்வதும் விற்பதும் முழுக்கத் தேவஸ்தானத்தின் காரியமாயின. சமையல் கைங்கர்யத்துக்கு நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர் என்ற இரு வகை உருவாகியது.

அடுத்த தலைமுறைக்கு வழி பள்ளிக்கூடத்தில் திறந்தது. திருமலை தர்மகிரியில் மகந்துகள் காலத்திலேயே, 1884இல், தொடங்கிய வேத பாடசாலை வைகானச ஆகமத்தையும் கற்பித்தது. திருப்பதியின் ராஷ்ட்ரிய சம்ஸ்கிருத வித்யாபீடமும், 2006இல் வந்த வேங்கடேசுவர வேதப் பல்கலைக்கழகமும் படிப்புக்குச் சான்றிதழ் தந்தன. தந்தையிடம் கேட்டுக் கற்ற பிள்ளை, தேர்வெழுதிப் பட்டம் வாங்க வேண்டியதாயிற்று. இந்தச் சான்றிதழ் பிறந்த குடும்பத்தைப் பார்க்காமல் ஊர் கடந்தும் செல்லுபடியானது என்பது உண்மையான ஆதாயம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் தேவஸ்தானத்தின் உதவியோடு 1976இல் வேங்கடேசுவரர் கோயில் எழுந்த பிறகு, அந்த நாட்டில் ஊர் ஊராகக் கோயில்கள் வந்தன. ஆந்திர, தமிழக அர்ச்சகர்கள் அங்கே வேலைக்குப் போனார்கள். மத ஊழியருக்கான விசாவில் மொத்தம் ஐந்து ஆண்டுகள்தான் தங்கலாம். அதன்பின் நிரந்தர வசிப்புரிமை கிடைக்காவிட்டால் நாடு திரும்ப வேண்டும். மிராசிலிருந்து வந்தவருக்கு இதைவிட எதிரான வேலை வேறு இருக்க முடியாது.

சித்தூர் மாவட்டத்துச் சிற்றூர்க் கோயில்களின் கதை வேறு. அங்கே உண்டியல் வருமானமே இல்லை, ஒழிப்பதற்குப் பெரிய பங்கும் இல்லை. 1956ஆம் ஆண்டின் இனாம் ஒழிப்புச் சட்டம் மானிய நிலங்களை ரயத்துவாரிப் பட்டாவாக மாற்றியது. அதன்பிறகு அர்ச்சகர் குடும்பம் நிலத்தின் மேல் வைத்திருந்த பிடி தளர்ந்தது. 1987க்குப் பின் தட்டுக்காசின் மேல் இருந்த உரிமையும் சட்டப்படி போயிற்று. சம்பளம் தர அங்கே பணமில்லை. திருமலை அர்ச்சகருக்குச் சட்டம் ஒரு வேலையை எடுத்து இன்னொன்றைக் கொடுத்தது. ஊர்க்கோயில் அர்ச்சகருக்கு எடுத்தது மட்டும் நடந்தது. பிள்ளைகளை நகரத்துக்கு அனுப்பிவிட்டு, வயதானவர் ஒருவேளை விளக்கேற்றிக் கதவைப் பூட்டும் கோயில்கள் இப்படித்தான் பெருகின. வருமானம் குறைந்த கோயில்களுக்கு மாதத் தொகை தரும் தூப தீப நைவேத்தியத் திட்டமும், அர்ச்சகர் நல நிதியும் பின்னர் வந்தன. 1996 தீர்ப்பு கேட்டதை அரசு நிறைவேற்ற எடுத்துக்கொண்ட காலம் மிக நீண்டது. அந்த இடைவெளியில் நேர்ந்த துன்பத்துக்குச் சட்டத்தின் நோக்கத்தைக் காரணம் காட்ட முடியாது. மாற்று ஏற்பாடு செய்யாமல் உரிமையை மட்டும் எடுத்ததே குற்றம்.

2007இல் சட்டம் திருத்தப்பட்டது. பழைய அர்ச்சகக் குடும்பங்களில் தகுதியுள்ளவர் தம் ஊழியத்தைத் தொடரலாம், ஆனால் உண்டியல், தட்டுப் பங்கு எதையும் கேட்கக் கூடாது என்பது திருத்தத்தின் போக்கு. பங்கு திரும்பவில்லை, வேலைக்கான வழி பாதி திரும்பியது. திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

அதற்குள் இன்னொரு கேள்வி எழுந்தது. சம்பள ஊழியர் என்றால் ஓய்வு வயது உண்டா? 2018 மே மாதத்தில் தேவஸ்தான அறங்காவலர் குழு 65 வயதை எட்டிய அர்ச்சகர்கள் ஓய்வு பெற வேண்டும் என்று முடிவு செய்தது. நான்கு குடும்பங்களைச் சேர்ந்த தலைமை அர்ச்சகர்கள் நால்வரும் ஒரே நாளில் பணியிலிருந்து விலக வேண்டி வந்தது. அவர்களுடைய இடத்துக்கு அதே நான்கு குடும்பங்களிலிருந்தே அடுத்தவர்கள் வந்தார்கள். இந்த முடிவை எதிர்த்து, தேவஸ்தானத்தின் கீழுள்ள திருச்சானூர்க் கோயிலின் அர்ச்சகர்கள் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் அதே ஆண்டின் இறுதியில் அவர்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. 2021 ஏப்ரலில் தேவஸ்தானம் ஓய்வு கொடுக்கப்பட்ட பரம்பரை அர்ச்சகர்களை மீண்டும் பணிக்கு அழைத்தது. ஒருவர் திரும்பும்போது அவரிடத்தில் வந்தவர் எங்கே போவார் என்ற சிக்கலும் உடன் வந்தது. ஒரே குடும்பத்துக்குள்ளேயே பெரியவரும் இளையவரும் ஒரு பதவிக்கு எதிரெதிராக நிற்க நேர்ந்தது மிராசுக் காலத்தில் இல்லாத வேதனை. பரம்பரையில் முறை மாறி மாறி வரும். பதவியில் இருப்பது ஒரு நாற்காலிதான்.

மிராசைப் பற்றிய வாதங்களில் எப்போதும் மறக்கப்படும் ஒரு கூட்டம் உண்டு. பக்தர்கள் தங்கும் விடுதிகளைக் கூட்டித் துடைப்பவர்களுக்கு எந்தக் காலத்திலும் பரம்பரை உரிமை இருந்ததில்லை. கொரோனாவால் 2020 மார்ச் 20 முதல் பக்தர்களுக்குத் தரிசனம் நிறுத்தப்பட்டது. அந்த ஏப்ரல் 30இல் ஒப்பந்த நிறுவனத்தின் காலம் முடிந்தது. அதை அடுத்து விஷ்ணு நிவாசம், ஸ்ரீனிவாசம், மாதவம் விடுதிகளில் வேலை செய்த 1,300 ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மே முதல் நாள் முதல் வேலை இல்லை என்றானது. தொழிலாளர் தினத்தில் வந்த இந்தச் செய்தி பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. எதிர்ப்புக்குப் பின் அவர்கள் மீண்டும் வேலையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். அர்ச்சகர்களின் வழக்கு ஒன்பது ஆண்டு நடந்தது. இவர்களுக்கு வழக்காடும் அளவுக்கு ஒரு உரிமையே கையில் இல்லை. பின்னர் ஒப்பந்த ஊழியர்களுக்காகவே ஸ்ரீ லட்சுமி சீனிவாசா மனிதவளக் கழகம் என்ற அமைப்பைத் தேவஸ்தானம் ஏற்படுத்தியது.

இன்றும் திருமலைக் கருவறைக்குள் பூஜை செய்பவர்கள் அந்த நான்கு குடும்பங்களிலிருந்தே வருகிறார்கள். பங்குக்காக அல்லாமல் மாத ஊதியத்துக்கு அதைச் செய்கிறார்கள். பிறப்பு ஒன்றையே தகுதியாகக் கொண்ட உரிமை ஒழிந்தது நியாயமே. அதை ஒழித்தவர்கள், அடுத்த மாதச் சாப்பாட்டுக்கு வழி என்ன என்ற கேள்விக்கு அதே சட்டத்தில் பதில் எழுதியிருக்க வேண்டும்.